தோள்தூக்கியாரின் இடது தோள்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கிற ஜீவன்களில் மூன்று ரகம் உண்டு. உதட்டைப் பிதுக்குகிறவர், கையை விரிக்கிறவர், தோளைத் தூக்குகிறவர். உதட்டைப் பிதுக்குகிறவருக்கு, பாவம், நிஜமாகவே விஷயம் தெரியாது. கையை விரிக்கிறவருக்குத் தெரியும், ஆனால் வழியில்லை. தோள்தூக்கியின் கதை வேறு. அவருக்கு விஷயமும் தெரியும், வழியும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே? வாய் வலிக்காதா?

நம்முடைய தோள்தூக்கியாரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிலையத்தில் ‘விசாரணை’ என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் இருப்பாரே, அவர்தான். இந்தப் பஸ் எப்போது வரும் என்று நீங்கள் மூச்சிரைக்கக் கேட்டால், முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், பிறகு ஆறிப்போன தன் டீயைப் பார்ப்பார், அதன் பிறகு இரண்டு தோள்களும் ஒரே சீராகக் கிளம்பி, காதுமடலைத் தொட்டும் தொடாமலும் கொஞ்ச நேரம் நின்று, வந்த வழியே இறங்கும். விசாரணை முடிந்தது. அடுத்த ஆள் வரலாம்.

வீட்டிலும் இதே சேவைதான். குழம்பில் உப்புச் சரியா? தோள். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? தோள். கல்யாணம் பேசியபோது “பெண்ணைப் பிடித்திருக்கிறதா?” என்று பெரியவர்கள் கேட்டதற்கும் தோள்தான் எழும்பியது. பையனுக்கு வெட்கம் என்று அவர்களாகவே முடிவு செய்து தேதி குறித்துவிட்டார்கள். அது வெட்கமா வேண்டாவெறுப்பா என்பது அவர் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்பேர்ப்பட்டவருக்குக் கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவுதான். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மருத்துவர் அதை எடுத்தார். பரிசோதனையில் சாதுவான கட்டி என்று தெரிந்தது. ஆனால் அந்தச் சாதுவின் பக்கத்திலேயே, தோலுக்குச் சற்றுக் கீழே, ஒரு மெல்லிய நரம்பு போய்க்கொண்டிருந்தது. மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவிலிருந்து இறங்கி, தோள்பட்டையின் பெரிய தசைக்கு ‘தூக்கு’ என்று உத்தரவு கொண்டுபோகிற நரம்பு. கட்டியோடு அதுவும் அறுந்துவிட்டது. ஊரில் எத்தனையோ கழுத்து இருக்க, இவர் கழுத்திலா அது நடக்க வேண்டும்?

அவருக்கு அது உடனே தெரியவில்லை. சட்டை ஒரு பக்கம் சரிந்தது. தையல்காரரைத் திட்டினார். பரண்மேல் இருந்த பெட்டியை எடுக்கப் போனால் இடது கை பாதி வழியிலேயே நின்றது. கழுத்திலிருந்து முதுகுவரை விண்விண்ணென்று வலி வேறு.

“கை என்னங்க ஆச்சு?” என்று மனைவி கேட்டாள்.

வலது தோள் ஏறியது. இடது தோள் இருந்த இடத்திலேயே இருந்தது.

“கேட்டா ஒழுங்கா பதில் சொல்றதில்ல, இப்ப அதுலயும் பாதியா?” என்று அவள் பெட்டியைத் தானே இறக்கிக்கொண்டு போய்விட்டாள். நோய் என்னவென்று கேட்டால் அந்த நோயையே பதிலாகக் காட்டுகிற மனிதரை யாரால் காப்பாற்ற முடியும்? மூன்று மாதம் இப்படியே போயிற்று.

கடைசியில் விஷயத்தை வெளிக்கொண்டு வந்தவர்கள் பயணிகள்தான். பஸ் எங்கே என்று கேட்பார்கள், இவர் ஒற்றைத் தோளைத் தூக்குவார், ‘ஓ, அந்தப் பக்கமா’ என்று மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் இருந்தது பஸ் கழுவுகிற கொட்டகை. ஒருநாள் அங்கே ஒரு கல்யாணக் கூட்டமே பட்டுப்புடவையோடு தொப்பலாக நின்றது.

நிலைய மேலாளர் ஓடி வந்தார். “எல்லாரையும் எதுக்குய்யா கொட்டகைக்கு அனுப்புற?”

தோள் ஏறியது. மேலாளரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் சந்தேகம் வந்து, “உன் தோள்ல ஏதோ கோளாறு. நாளைக்கே டாக்டரைப் பாரு. அதுவரைக்கும் ஜன்னலைச் சாத்து” என்றார்.

நரம்பு அறுவை மருத்துவர் ஓர் அம்மாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, தொங்கிய தோளையும், பின்னால் துருத்திய தோள்பட்டை எலும்பையும் பார்த்தார். “ரெண்டு தோளையும் தூக்குங்க” என்றார். ஆயுள் முழுக்கச் செய்த சாதகம். தம் கட்டித் தூக்கினார். இடது தோள் லேசாக நடுங்கி நின்றது. நம் ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நரம்பு அறுந்திருக்கு. நடுவுல இடைவெளி இருக்கும். கால்ல இருந்து ஒரு துண்டு நரம்பு எடுத்து ஒட்டுப் போடணும். பாதத்து ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். ஆனா இன்னும் தள்ளிப் போட்டா தசை சுருங்கிடும், அப்புறம் ஒட்டினாலும் பிரயோஜனமில்ல. செய்யலாமா?”

வலது தோள் ஏறியது.

“இது வேணும்னு அர்த்தமா, வேண்டாம்னு அர்த்தமா?” என்று டாக்டர், கூட வந்திருந்த அவர் மனைவியைக் கேட்டார்.

“எனக்கும் கல்யாணத்துல இருந்து அதான் டாக்டர் சந்தேகம்.”

“வாயால சொன்னாத்தான் கத்தியைத் தொடுவேன்” என்று டாக்டர் கையைக் கட்டிக்கொண்டார். தோள்தூக்கியார் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், டீ இருக்கிறதா என்று மேஜையையும் பார்த்தார். இல்லை.

“வேணும்” என்றார். துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி இருந்தது.

ஒட்டுப் போட்டாயிற்று. தையல் ஆறும்வரை எந்தத் தோளையும் அசைக்கக் கூடாது என்று கட்டளை. மனைவிக்கு இதைவிட நல்ல காலம் வருமா? நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, சேர்த்து வைத்த கேள்வியெல்லாம் கேட்டாள். உப்பு, கல்லூரி எல்லாம் முடிந்து கடைசியாக, “அன்னிக்கு என்னைப் பிடிச்சிருந்துச்சா?”

தோளுக்கு அனுமதியில்லை. தப்ப வேறு வழியுமில்லை. “பிடிச்சிருந்துச்சு” என்றார். பிறகு, “ரொம்ப.” அவள் எழுந்து போய்ச் சமையலறையில் நெடுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டிய நரம்பு நத்தை வேகத்தில் வளர்ந்தது. ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சியாளர் தினமும் தோளைத் தூக்கச் சொல்லி உயிரை எடுத்தார். பல மாதம் கழித்து ஒருநாள், டாக்டர் முன்னிலையில் இரண்டு தோள்களும் சீராகக் கிளம்பி, காதுமடலுக்குப் பக்கத்தில் போய் நின்றன.

“பிரமாதம். இப்ப எப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

இரண்டு தோள்களும் மறுபடி ஏறி, நின்று, இறங்கின.

மனைவி மெல்லக் குனிந்து, “டாக்டர், போட்ட ஒட்டைத் திரும்பப் பிரிக்க முடியுமா?” என்று கேட்டாள்.

நீங்களும் இந்த ரகம்தானோ என்று எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். உண்டா, இல்லையா? முதலில் தோளைக் கீழே இறக்குங்கள், பிறகு பேசலாம்.