ஃபைல் சர்வர் உறுப்பினரான வரலாறு

எங்கள் அலுவலகத்துத் தபால் அறையில், என் மேஜைக்கு அடியில் ஒரு ஃபைல் சர்வர் இருந்தது. பார்க்கத் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். யார் எந்த உத்தரவைத் தயாரித்தாலும் அதில் போட்டுவிடுவார்கள். வேண்டியவர்கள் அவரவர் மேஜையிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வருடமாக அது யாரையும் நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்டதில்லை. அதுதான் அதன் குற்றம் என்று ஒரு திங்கட்கிழமை தெரியவந்தது.

"மேற்படி சர்வர் எந்த டொமைனிலும் உறுப்பினராகாமல் தன்னிச்சையாக இயங்கி வருவது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. உறுப்பினராகும் வரை எவரும் அதனுடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளலாகாது" என்று சுற்றறிக்கை வந்தது.

டொமைன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அதிகாரியின் குளுகுளு அறையில் ஒரு தலைமைக் கணினி இருக்கிறது. யார் உள்ளே வரலாம், யார் எதைத் திறக்கலாம் என்று அது சொல்லும். மற்றதெல்லாம் கேட்கும். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிற மாதிரி.

அன்றைக்கென்று பார்த்து ஒரு நர்ஸம்மா வந்து நின்றாள். ஏழு மாதக் கர்ப்பிணி. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள். எங்கள் எதிர்த்தெரு ஆஸ்பத்திரிக்கு மாறுதல் கேட்டிருந்தாள், கிடைத்துவிட்டது. உத்தரவு சர்வருக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

"வேற ஒண்ணு தட்டச்சு பண்ணிக் குடுத்துடலாமே சார்?" என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன்.

"ஒரே உத்தரவை ரெண்டு தடவை போட்டா ரெண்டு பேர் மாறுதலாகிப் போயிடுவாங்கம்மா."

"நாங்க ரெண்டு பேர்தானே சார்," என்றாள் நர்ஸம்மா, வயிற்றைத் தொட்டுக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை. குழந்தைக்குத் தனி விண்ணப்பம் வேண்டும் என்றார்.

சர்வரை உறுப்பினராக்கும் பொறுப்பு ஒயர்க்காரருக்கு வந்தது. மீசை நரைத்த மனிதர். கணினி சம்பந்தமான எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அவர்தான். செவ்வாய்க்கிழமை, தலைமைக் கணினி எங்கே இருக்கிறது என்று சர்வருக்குச் சொல்லிக் கொடுத்தார். புதன்கிழமை அதற்குப் பெயர் வைக்க வேண்டும். 'மைய ஒருங்கிணைந்த கோப்புப் பகிர்வுப் பேழை' என்று அதிகாரி எழுதி அனுப்பினார். பதினைந்து எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது கணினி. எதை வெட்டுவது என்று இரண்டு நாள் கூடிப் பேசி, எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அதிகாரியின் இனிஷியலை வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஒயர்க்காரர் கடவுச்சொல்லைத் தட்டினார். தலைமைக் கணினி முடியாது என்றது.

"நேரம் ஒத்துப்போகல சார். அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா சேத்துக்காது. சர்வர்ல மூணு இருபது. தலைமையில மூணு பத்து."

"அப்போ சர்வர் முந்திரிக்கொட்டை மாதிரி ஓடுது," என்றார் கண்காணிப்பாளர்.

"என் கைக்கடிகாரத்துலயும் மூணு இருபது சார். சுவர்லயும் அதேதான்."

"அதுங்க ரெண்டும் உறுப்பினரே இல்லையேய்யா!"

காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். காலையில் விரல் வைத்து வருகை பதியும் மெஷின், தலைமைக் கணினியிடம்தான் மணி கேட்கும். அதிகாரி தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறவர். அவரைத் திருத்துவது மரியாதை இல்லை என்று, ஆறு வருடத்துக்கு முன்பே கணினியைத் திருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. நேரந்தவறாமைக்காகக் கேடயம்கூட வாங்கியிருக்கிறார்.

"தலைமையைச் சரி பண்ணிடட்டுமா சார்? ஒரு நிமிஷ வேலை," என்று ஒயர்க்காரர் அதிகாரியிடமே போய்க் கேட்டார்.

"சரியா இருக்கறதை எப்படிய்யா சரி பண்ணுவே?"

ஆகவே, சர்வரின் நேரத்தைப் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளக் குறிப்பு எழுதி, அது மூன்று மேஜை ஏறி இறங்கியது. நர்ஸம்மா பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சர்வர் பொய் சொல்ல ஒப்புக்கொண்டதும், தலைமைக் கணினி ஒரே நொடியில் 'நல்வரவு' என்றது. எல்லாரும் கைதட்டினோம். உத்தரவை அச்சடித்து அவள் கையில் கொடுத்தபோது சுவர்க்கடிகாரத்தில் ஐந்துக்கு இரண்டு நிமிடம். தாளின் மூலையில் நாலு நாற்பத்தெட்டு.

அந்த உடம்போடு அவள் தெருவைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக் குமாஸ்தா கடிகாரத்தைக் காட்டினார்.

"அஞ்சு ரெண்டு ஆச்சும்மா."

"இப்பத்தான் சார் குடுத்தாங்க."

"இதுல நாலு நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே. இந்தத் தெருவைத் தாண்டப் பதினாலு நிமிஷமா?"

"நாலு நிமிஷந்தான் சார்."

"அப்போ மீதி பத்து நிமிஷம் எங்க போயிருந்தீங்க? எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். "மீதிப் பத்து நிமிடம் என்னிடம் இல்லை. ஆறு வருடமாக எதிர் அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளவும்."

கேட்டார்கள். விசாரணை வைத்தார்கள். தலைமைக் கணினியின் நேரம் சரியானதே என்று ஊழியர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. அவர் மிரட்டவில்லை, மிரட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கணினியைத் திருத்திய நாளிலிருந்து நாங்களும் காலையில் பத்து நிமிடம் கழித்துத்தான் வருகிறோம். மாலையில் விரல் வைக்க வேண்டியதில்லை என்பதால் அவரவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறோம்.

இருபத்து நாலு பேரில் ஒயர்க்காரர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாதவர் என்று அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது. நர்ஸம்மா இன்னமும் இரண்டு பஸ் மாறித்தான் போகிறாள்.

மூன்றாவது கையெழுத்து என்னுடையது. காலையில் வீட்டு வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக் கடவுளிடம் நாலு வார்த்தை பேச எனக்குக் கிடைப்பது அந்தப் பத்து நிமிடம்தான். அந்த நர்ஸம்மாவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்று அதில்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.