நூல் மேஸ்திரியும் எட்டாத வெளிச்சமும்

இருட்டை உட்கார்ந்து ரசித்துவிட்டு வேலை தொடங்கிய மின்சாரக் காண்ட்ராக்டர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் திருத்தணியில் இருந்தார். நூல் மேஸ்திரி என்பார்கள். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. யுத்த காலத்தில் உங்கள் நைனாவாகிய நான் அவரிடம் ஒயர்மேனாக இருந்தேன், பிள்ளைகளே. அந்தக் கம்பெனியே நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஏணியும்தான்.

ஒரு வீட்டு வேலையை ஒப்புக்கொண்டால், அந்தி சாயும்போது அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்வார். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். இருட்டு புது விருந்தாளி போல ஒதுங்கி ஒதுங்கி உள்ளே வரும். முதலில் எந்த மூலையில் உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது சிம்னி விளக்கைக் கொண்டுவந்தால், "இரும்மா, இன்னும் முழுசா வர்ல" என்பார்.

மறுநாள் பொதட்டூர்பேட்டைத் தறிகளில் மிஞ்சிய சிவப்பு நூலோடு போவோம். ஒயர் ஓடவேண்டிய இடமெல்லாம் ஆணி அடித்து நூலைக் கட்டுவோம். பல்பு தொங்கவேண்டிய இடத்தில் ஒரு கத்திரிக்காய். அப்படியே மூன்று நாள் விட்டுவிடுவார். வீட்டார் அதன் கீழே நடந்து, சமைத்து, சண்டை போட்டுப் பார்த்து, "இங்கே வேண்டாம், அங்கே" என்று சொல்லவேண்டும். நூலை அவிழ்த்துக் கட்டலாம், ஒயரை அப்படிச் செய்ய முடியாது என்பார். அப்புறம் நூலைக் கழற்றி, அதே நீளத்துக்கு ஒயரை வெட்டுவோம். சாயங்கால வெயில் அந்த நூல்களில் படும்போது, வரப்போகும் வெளிச்சம் ஒத்திகை பார்ப்பது போலிருக்கும்.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் தம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை அரக்கோணத்தில் ரயில்வேக்காரர். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்போது வாசலில் லைட்டு எரியவேண்டும் என்று வாத்தியாருக்கு ஆசை. மேஸ்திரியும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒயர் கிடைக்காத காலம் அது. பட்டணத்தில் காத்துக்கிடந்து ஒரே ஒரு சுருள் வாங்கிவந்தோம்.

வாத்தியாரின் மனைவியிடம் மேஸ்திரி கேட்டார்: "உங்களுக்கு எங்கம்மா இருட்டா கீது?"

"அடுப்பாண்டதான். பால் பொங்குறதே சத்தத்தை வெச்சித்தான் தெரிது."

"அப்போ மொதல் பல்பு உங்களுது."

வாத்தியார் கூடத்துக் கத்திரிக்காயில் தலையை இடித்துக்கொண்டு, "இன்னாய்யா மேஸ்திரி, வூட்டைத் தறி மாரி ஆக்கிட்ட!" என்றார்.

"மூணு நாள் பொறுங்க சார்."

மூன்றாம் நாள் மழை. ஓட்டு இடுக்கில் ஒழுகி நூலெல்லாம் நனைந்தது. கல்யாண அவசரத்தில் அதைக் காயவைத்து, அந்த அளவுக்கே ஒயரை வெட்டிவிட்டோம். நனைந்து காய்ந்த நூல் சுருங்கும் என்பது பொதட்டூர்பேட்டையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் நூல் மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தி மாட்டிப் பார்த்தால், எந்த விளக்கும் தன் இடத்துக்கு எட்டவில்லை! ஒயரில் ஒட்டுப் போடுவதோ அவருக்கு ஆகவே ஆகாது. ஏணி உச்சியிலிருந்தே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு இறங்கி, "வெளக்கு வர்லன்னா மனுசங்க வர்ட்டும்" என்று பெஞ்சு, பீரோ, கட்டில் எல்லாவற்றையும் ஒரு சாண் நகர்த்தவைத்தார். வீடே தூக்கத்தில் புரண்டு படுத்தது போலிருந்தது.

மண் அடுப்பு மட்டும் நகருமா? நீள நூல் இன்னும் அதிகமாய்ச் சுருங்கியிருந்ததால், சமையலறைக்கான ஒயரோ சமையலறை வாசற்படியோடு நின்றுவிட்டது. அதைவிட நீளமானது வாசல் விளக்கின் ஒயர் ஒன்றுதான். மேஸ்திரி அதைக் கழற்ற ஆரம்பித்தார்.

"யோவ்! சம்பந்திங்க இருட்டுல வரணுமா? என் மானம் போவும்யா!"

"மொதல் பல்பு அம்மாவுதுன்னு சொல்லிட்டேன் சார். வாசலுக்கு நான் பொறுப்பு."

மறுநாள் அந்தியில் சம்பந்தி வீட்டார் வந்தபோது, மேஸ்திரியே வாசலில் கியாஸ் விளக்கைத் தலையில் சுமந்துகொண்டு நின்றார்.

"இன்னாபா, கரண்டு மேஸ்திரி கியாஸ் லைட்டு தூக்கினு கீறாரு!" என்று கூட்டமே சிரித்தது. உர்ரென்று நின்றிருந்த வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

"ஆங், தூக்கினுதான் கீறேன். பாத்து வாங்க, படி கீது."

எல்லோரும் உள்ளே போனதும் என்னிடம், "ஏம்பா, அம்மாவுக்கு அடுப்பு நல்லாத் தெரிதான்னு பாத்துட்டு வா" என்றார்.

"நீங்களே போய்ப் பாருங்க மேஸ்திரி" என்று விளக்கை என் தலைக்கு மாற்றிக்கொண்டேன்.

கியாஸ் விளக்கைச் சுமப்பவன் திரும்பிப் பார்க்க முடியாது. உள்ளேயிருந்து வாத்தியார் வீட்டம்மா சிரிப்பது மட்டும் கேட்டது. அவர் வர வெகுநேரமாயிற்று. எனக்குக் கழுத்து வலித்தது. நான் கூப்பிடவில்லை.