டபுள் கெப் சீட்டில் விழுந்த இரண்டு ஓட்டைகள்

மேல் டிவிசன் லயம்,
அக்கரப்பத்தனை.
2003, ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

பூண்டுலோயா மீனம்மா அவர்களுக்கு, ஜீவராணியின் அம்மாயி காளியாயி கும்பிட்டு எழுதுவது. சம்மந்தியம்மா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் பேரைப் போட்டிருக்கிறேன், பெரிய மனது பண்ணிப் பொறுக்கவும். இங்கு மழை சுகம், குளிர் சுகம், அட்டைகளும் சுகம். நான்தான் சுகமில்லை. நீங்கள் குடும்பத்தோடு சுகமாக இருக்க மாரியாத்தாவை வேண்டுகிறேன். ஜீவராணியை எழுதித் தரச் சொன்னேன், "நீங்க செஞ்சத நீங்களே எழுதுங்க அம்மாயி" என்று சொல்லிவிட்டாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், மனசு கோணல் இல்லை.

பரிசத்தன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர். உங்கள் பக்கம் நீங்கள், உங்கள் வீட்டுக்காரர் சிவசாமி அவர்கள், மாப்பிள்ளைத் தம்பி நிரோஷன். எங்கள் பக்கம் நான், பேத்தி ஜீவராணி, அவளுக்குத் தாய்மாமனான என் மகன் சின்னராசா, என் வீட்டுக்காரரின் தங்கச்சி வீரம்மா. ஜீவராணியைப் பெற்ற என் மகள் அழகம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள், அதனால் அவளை இருந்தவர்களில் சேர்க்க முடியாது, ஆனால் தகப்பனும் இல்லாத அந்தப் பிள்ளைக்காக அவளிடம் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். வேறு யாரும் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அன்றைக்கு அங்கே நின்று கண்ணால் பார்த்ததாகச் சொல்லாத ஆளே தோட்டத்தில் கிடையாது. நான் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் குடத்தை எடுக்கிறேன்.

உங்கள் டபுள் கெப் வண்டி கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கத்தில் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது உங்களை இல்லை, வண்டியின் உள்பக்கத்தைத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. அழகம்மா என் வயிற்றில் இருந்தபோது வலி எடுத்த அன்றைக்கு அப்போதைய தோட்டத்துத் தொரை தன் பிக்கப்பில்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார், பின்னால் உர மூட்டைகளோடு, மழையில். முன் சீட்டில் தொரையின் நாய் உட்கார்ந்திருந்தது. அதன் பேர் ஜிம்மி. அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். ஆனால் எந்த வண்டி வந்தாலும் உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. என் மகனிடமும் மரக்கறி ஏற்றுகிற, இரண்டு வரிசைச் சீட்டும் பின்னால் திறந்த பெட்டியுமாக ஒரு பழைய டபுள் கெப் இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். முழுக்க ரெக்சின் சீட்டு, காலையில் உட்கார்ந்தால் ஐஸ் கட்டி, வெயில் ஏறினால் சேலையோடு ஒட்டிக்கொள்ளும். கீழே ரப்பர் பாய், சேறு பட்டால் ஒரு வாளித் தண்ணீர் போதும். கதவுக்கு உள்பக்கம் வெறும் தகரம். கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அதிலும் ஒன்று தொலைந்து போய், இருக்கிற ஒன்றையே கழற்றிக் கழற்றி மாட்டுகிறான். உங்கள் வண்டியில் கீழே கம்பளம், கதவில் சாய்ந்தால் மெத்தை, தலைக்கு மேலே துணி, முன்பலகையில் பலா மரத்தைக் கடைந்த மாதிரி ஒரு பளபளப்பு. தட்டிப் பார்த்தேன், மரம் இல்லை, பிளாஸ்டிக். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டு குளிப்பாட்டின எருமைக் கன்று மாதிரி மினுங்கியது. சிவசாமி அவர்கள், "இது ஃபுல் ஒப்ஷன். ஒரிஜினல் லெதரு. இந்தப் பக்கம் தொரைமாருகிட்டயே இல்ல" என்றார். சின்னராசா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினான். "தேயிலைக்குக் கிரேட் இருக்கிற மாதிரித்தாம்மா வண்டிக்கும். நம்மளது டஸ்ட்டு, கடைசித் தூளு. நடுக் கிரேட்டுல துணி சீட்டு வரும். அவுங்களுது பி.ஓ.பி., வெளிநாட்டுக்குப் போற ஒசந்த தூளு." ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்து டஸ்ட்டுத் தூள் குடித்தவள் நான், என் பேத்தி பி.ஓ.பி.யில் ஏறிப் போகப் போகிறாள் என்று எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

எங்கள் தோட்டத்து வழக்கம் உங்களுக்குச் சொல்லியிருந்தோம். பரிசத் தட்டை மாற்றுவதற்கு முன்னால் மாரியாத்தா காலடியில் வைத்து எடுக்க வேண்டும். கோயில் பெக்டரிக்குக் கீழே என்பதால் வண்டியிலேயே கொண்டு போவது என்று பேச்சு. மஞ்சள் கயிறும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டு உங்கள் பின் சீட்டில் நடுவாக உட்கார்ந்திருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று எல்லோரும் எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறி வந்தோம், மாப்பிள்ளைத் தம்பி மட்டும் வண்டியைத் துடைத்துக்கொண்டு கீழேயே நின்றார். அப்போதுதான் வீரம்மா அடுப்படியில் வந்து என் காதில் ஊதினாள்.

"மதினி, லெதருன்னா என்னான்னு தெரியுமா? மாட்டுத் தோலு. தாலிக் கயித்த மாட்டுத் தோலு மேல வச்சா ஆத்தாகிட்ட கொண்டு போறீங்க?"

சின்னராசா, "சும்மா இருங்க அத்தே. லெதராவது ஒண்ணாவது. இங்க வாரது எல்லாம் ரெக்சின்தான், பேருதான் லெதரு" என்றான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் அம்மா. லெதர் என்றால் ஆத்தாவுக்கு ஆகாது. ரெக்சின் என்றால் பொண்ணு எடுக்கிற வீடு பொய் சொல்லுகிற வீடு. இரண்டில் எனக்குப் பொய் பரவாயில்லை, கலியாணத்தில் பொய் சொல்லாத வீடு எங்கே இருக்கிறது, ஆத்தாவின் கோபம்தான் ஜீவராணிக்குத் தாங்காது. அதனால் ஆத்தா, அது ரெக்சினாக இருக்கட்டும், சம்மந்தி வீடு பொய் சொன்னதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, சாமி படத்துக்கு முன்னால் எரிந்த ஊதுவத்தியில் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஆட்டுத் தலை வாட்டிப் பழகினவளுக்குத் தோல் கருகுகிற வாசனையும் பழைய சிலிப்பர் எரிகிற வாசனையும் பிரிக்கத் தெரியாதா. மாப்பிள்ளைத் தம்பி பாவம், மறுபக்கச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒன்றையும் கவனிக்கவில்லை. சீட்டின் ஓரத்தில் வைத்தேன். சிலிப்பர் வாசனை. எனக்கு வந்த சந்தோசத்தில் படி ஏறினதே தெரியவில்லை. நடு வீட்டில் நின்று, நீங்கள் எல்லோரும் கோப்பையோடு உட்கார்ந்திருக்க, "பயப்படாதீங்க, நல்ல சேதி. தோலு இல்ல, போலிதான்" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

நீங்கள் கோப்பையைப் பாதியில் வைத்தீர்கள். "என்னாங்கம்மா, எங்கள போலிங்குறீங்களா?"

"ஒங்கள இல்லங்க, சீட்ட."

"எத வச்சுச் சொல்றீங்க?" என்றார் சிவசாமி அவர்கள்.

"மோந்து பாத்துத்தான்."

"மோந்தா?"

"சுட்டு, அப்பறம் மோந்தேன்."

சின்னராசா மட்டும், "அப்ப நம்ம வண்டியும் அவுங்க வண்டியும் ஒரே சாதிதான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கு அவனுக்கு நான் சோறு போடவில்லை. சிவசாமி அவர்கள் "எல்லாரும் வாங்க, பாத்துருவோம்" என்று எழுந்தார், நீங்கள் எல்லோரும் படிக்கட்டு வழியாக இறங்கினீர்கள். கொழுந்துக் கூடையோடு இறங்கின பழைய குறுக்குப் பாதையில் செடிகளைப் பிடித்துச் சறுக்கி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். ஒரு வேளை நான் மோந்தது தப்பாக இருந்தால் திருத்திச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்றுதான். இந்தத் தடவை ஓரத்தில் இல்லை, உட்காருகிற இடத்திலேயே வைத்தேன். வந்தது ஆட்டுத் தலை வாசனை. நீங்கள் கதவைத் திறந்தபோது உள்ளே தீபாவளிக் காலை மாதிரி மணந்தது. சிவசாமி அவர்களுக்கு முதலில் பெருமைதான். "பாத்தீங்களா? இப்ப என்னா சொல்றீங்க, லெதரா இல்லையா?" என்றார். வீரம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "லெதருதாண்ணே, சந்தேகமே இல்ல. அப்ப தட்டு இம்புட்டு நேரமும் மாட்டு மேலதான் உக்காந்திருக்கு" என்றாள். அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். பிறகுதான் இரண்டு ஓட்டையையும் பார்த்தார். "யாரு பண்ணுனது?" என்று கேட்டார். "நான்தாங்க, ஊதுவத்தியால" என்றேன். ஜீவராணி கடைசிப் படியில் பூவும் புதுச் சேலையுமாக நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். நீங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டீர்கள். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். யாரும் எதையும் சுற்றவில்லை, அந்தக் கண்ணாடி தானாக மேலே ஏறி என் விரலைத் தள்ளிவிட்டு மூடிக்கொண்டது.

பிறகு சின்னராசா தலவாக்கலையில் சீட்டு தைக்கிறவரிடம் விசாரித்து வந்தான். உசந்த கிரேட்டிலும் உடம்பு படுகிற இடத்துக்கு மட்டும்தான் தோலாம், ஓரத்துக்கும் முதுகுப் பக்கத்துக்கும் அதே நிறத்தில் ரெக்சின் வைத்துத் தைத்துவிடுவார்களாம். ஆக நீங்கள் சொன்னதும் நிஜம், என் மகன் சொன்னதும் நிஜம், நான் மோந்தது இரண்டும் நிஜம். இவ்வளவு நிஜம் ஒரே சீட்டில் இருந்தால் கலியாணம் எப்படி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை அழகம்மா கடை போனுக்கு எடுத்து, "பரிசம் போட்டாச்சாம்மா? தட்டு மாத்துன போட்டோ அனுப்புங்க" என்றாள். "நல்லா நடந்துச்சு, போட்டோதான் சரியா வரல" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கம் என்னும் வார்த்தைக்கு மூணாம் வகுப்பில் அர்த்தம் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்கு விளங்கினது அன்றைக்குத்தான்.

ஆகையால் கேட்டுக்கொள்வது. ஜீவராணி ஒரு பாவமும் செய்யவில்லை. புதுத் தட்டோடு இன்னொரு நாள் வாருங்கள். தட்டை உள்ளே வைக்க வேண்டாம், பின்னால் திறந்த பெட்டியில் வையுங்கள், அது வெறும் தகரம், எந்த மாட்டுக்கும் அதில் பங்கில்லை. வாழை இலை விரித்து, வளைவில் சரியாமல் நானே பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருகிறேன். எனக்குப் பழக்கம்தான். பிள்ளை உள்ளே உட்காரட்டும். எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை. நீங்கள் பாதியில் வைத்த கோப்பையை மறந்துவிட்டேன், பால் தேத்தண்ணி, சீனி கூடப் போட்டது, கைப்பிடியில் நீலப் பூ. வீரம்மாவை மன்னித்துவிட்டேன், என் கலியாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனதையும் சேர்த்து. தப்பு முழுக்க என் ஒருத்தி மேல்தான்.

உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கட்டும், உங்கள் வண்டி எந்த வளைவிலும் பத்திரமாகத் திரும்பட்டும், சிவசாமி அவர்களுக்கு ஆத்தா நீண்ட ஆயுசு தரட்டும். மாப்பிள்ளைத் தம்பிக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு, தலை குனிந்து,
காளியாயி.

பின்குறிப்பு: சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். சின்னராசா லீக்ஸ் மரக்கறி ஏற்றிக்கொண்டு பூண்டுலோயா போய் இப்போதுதான் வந்தான். உங்கள் மகன் கடைத்தெருவில் நின்று, "கெழவிக்கு மூளை பெசகு, ஊதுவத்திய எடுத்தாந்து வண்டிக்குச் சூடு போட்டுருச்சு" என்று ஊருக்கே சொல்கிறாராம். சரி. ஊதுவத்தி சுட்டால் மிளகு அளவு ஓட்டை விழும். உங்கள் சீட்டில் இருப்பது ஒரு ரூபாய்க் காசு அளவு. அதை நீங்களும் யோசிக்கவில்லை. நான் ஊதுவத்தியை எடுக்கவே இல்லை, சும்மா பார்க்கத்தான் இறங்கினேன். உங்கள் வண்டி முன்பலகையில் ஒரு குமிழ் இருக்கிறது, அமுக்கினால் கொஞ்ச நேரத்தில் தானாகத் துள்ளி வெளியே வரும், அடி சிவந்திருக்கும், சிகரெட்டுப் பற்ற வைக்கவாம். ஒரு நாளும் முன் சீட்டில் உட்காராத எனக்கு அது எப்படித் தெரியும். "அம்மாயி, எனக்குமே சந்தேகந்தான். வித்தவன் சொன்னத அப்பா நம்பிட்டாரு, நான் கேட்டா ஏசுவாரு. ஓரத்துல வச்சா வெளிய தெரியாது, நீங்க மோந்து எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று அதை எடுத்துக் கையில் தந்தவர் உங்கள் மகன். 'எனக்கு மட்டும்' என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை, அது என் தப்பு. இரண்டாவது ஓட்டையை அழுத்தினதே அவர் கை. படியில் உங்கள் சத்தம் கேட்டதும், "நீங்களே பண்ணுனதா சொல்லிருங்க அம்மாயி, வயசானவங்கள யாரும் ஏச மாட்டாங்க" என்றார். சொன்னேன். தகப்பன் என்னை ஏசி முடிக்கும் வரைக்கும் அவர் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் சற்று முன்னால் ஜீவராணியிடம் சொல்லி, இந்தச் சம்மந்தம் வேண்டாம் என்றேன். அவள் சிரிக்கிறாள். "ஒங்க கையில ஊதுவத்தி இல்லன்னு அன்னைக்கே பாத்தேன் அம்மாயி. அவரு அப்பாவுக்குப் பயப்படுறவரு. நாளைக்கு எனக்கும் பயப்படுவாரு. விடுங்க" என்கிறாள். அவளுக்கு அவர்தான் வேண்டுமாம்.

எனவே மேலே நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்றதும் இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் மாப்பிள்ளை வரட்டும், மழை பெய்தாலும். நான் முன் சீட்டில் வருவேன், தோல் தட்டுக்குத்தான் ஆகாது, எனக்கு ஆகும். பேத்தியைத் தருகிறேன், அட்சதை போடுகிறேன், பிள்ளை பிறந்தால் மடியில் போட்டு வளர்த்தும் தருகிறேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், நிரோஷனை.