எட்டாவது கட்டத்துக்கு ஏற்ற ரெசல்யூஷன்

"படம் சரியில்லை மச்சான். ஆள் ரொம்பக் குண்டாத் தெரியறான்," என்றார் கணக்கு வாத்தியார்.

புது டிவியில் பழைய வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து கேம்களை இந்தக் காலத்து டிவியில் ஓட்டும் எமுலேட்டர் பெட்டி ஒன்றை வாத்தியாரின் மனைவி ஆசை ஆசையாக வாங்கி வந்திருந்தாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. கல்யாணப் பேச்சின்போது அவள் அண்ணனான இந்த மச்சான், "இந்த கேம்ல நான் ஏழு கட்டம் தாண்டியிருக்கேன், எட்டுலதான் மாட்டிக்கிட்டேன்," என்று சொல்லப்போக, "நான் எட்டையும் தாண்டியிருக்கேன்," என்று அளந்துவிட்டார் வாத்தியார். அன்றிலிருந்து மாமியார் வீட்டில் அவருக்குத் தனி மரியாதை. உண்மையில் அவர் இரண்டாவது கட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்று அதை ஆடிக் காட்டச் சொல்லி, அண்ணனையும் அண்ணியையும் சாப்பிட வரச் சொல்லிவிட்டாள் மனைவி. மானம் கப்பலேறப் போகிறது.

"ஆள் குண்டா இருந்தா குதிக்கிற கணக்கு தப்பிடும்," என்று வாத்தியார் இழுத்தார்.

மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ரிமோட்டை வாங்கி, படத்தின் அகலத்தைப் பழைய டிவி போல நாலுக்கு மூன்று என்று மாற்றினார். ஆள் சட்டென்று இளைத்தான்.

"இப்பத் தெளிவா இருக்கா மாப்ளே, முன்னால தெளிவா இருந்துச்சா?"

வாத்தியார் திரையை உற்றுப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கறுப்பாப் பட்டை விழுதே!"

"ஆமாமா, கண்ணை உறுத்துது."

பட்டையைப் போக்கப் படத்தைப் பெரிதாக்கினார். ஆளுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. சின்னதாக்கினார். படம் தபால்தலை அளவுக்குப் போனது.

"ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி இருக்கு," என்றார் வாத்தியார்.

"நானே சொல்லணும்னு நினைச்சேன்," என்று மச்சான் வழுவழுப்பாக்கும் வசதியைப் போட்டார். எல்லாம் ஒரே மங்கல்.

"சோறு ஆறுது. நீங்க ரெண்டு பேரும் படத்தைப் பாக்கவா உக்காந்தீங்க?" மனைவி பொறுமையிழந்து ரிமோட்டைப் பிடுங்கி, 'ஆட்டோ' என்றிருந்ததை அழுத்தினாள்.

படம் பளிச்சென்று, அளவெடுத்தாற்போல வந்து நின்றது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. வாத்தியார் திரையின் மூலை மூலையாகத் தேடிப் பார்த்தார். சோபாவில் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மச்சானின் மனைவிகூடத் தலை நிமிர்ந்தாள்.

"ம், ஆடுங்க!" என்றாள் மனைவி.

"இரும்மா," என்றார் மச்சான் அவசரமாக. "ரெசல்யூஷனை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாத்துடலாம்."

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கொஞ்சம் என்ன மச்சான், உச்சத்துலயே வைங்க!"

வைத்தார். அந்தச் சின்னப் பெட்டி திணறியது. ஆள் கால் தூக்கினான். தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. பிறகு திரை இருண்டு, 'சிக்னல் இல்லை' என்றது. பெட்டியை அணைத்துப் போட்டும் பயனில்லை.

மனைவியின் முகம் வாடிவிட்டது. வாத்தியாருக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மரியாதை பிழைத்ததே!

"அடடா! இன்னிக்கு எட்டாவது கட்டத்தை ஒரு கை பாத்திருப்பேன்!"

"எனக்கும் பாக்கக் குடுத்து வைக்கல மாப்ளே. அந்த ஏழைத் தாண்டவே நான் என்ன பாடு பட்டேன்!"

மச்சானின் மனைவி பத்திரிகையில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"அந்த கேம்ல மொத்தமே ஆறு கட்டம்தான். சின்ன வயசுல நான் தினம் ஒரு தடவை முடிச்சிட்டுத்தான் பாடமே படிப்பேன்."