சல்லிசு பம்பர்

நம் ஊர்களில் சல்லிசுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கஞ்சர் என்று தப்பாக எண்ணிவிடாதீர்கள். கஞ்சர் செலவே செய்ய மாட்டார். சல்லிசுக்காரர் தாராளமாகச் செய்வார், ஆனால் மலிவாக முடிக்கப் பார்த்து ஒரே வேலைக்குத் திரும்பத் திரும்ப. உங்கள் வீட்டு மிக்சியோ மாமனாரின் பல்செட்டோ, எதைக் காட்டினாலும் விரலால் ஒரு தட்டுத் தட்டி, "இதுக்கா இம்புட்டு?" என்பார். அத்தோடு உங்கள் சந்தோஷம் போச்சு.

திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்யும் அப்துல் லத்தீப் இந்த இனத்தின் சிங்கம். கொடைக்கானல் பங்களா ஒன்றில் கோழி அடைந்துகிடந்த ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து ஓட வைத்திருந்தார். இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடக்கிவிடலாம், செக்கச்செவேலென்று தரையோடு தரையாக அழகாய்த்தான் இருந்தது. ஒரே குறை பம்பர். முன்னும் பின்னும் தடித்த கறுப்பு ரப்பர், எருமை உதடு மாதிரி. அந்தக் காரின் முந்தைய மாடலில் மெல்லிசான வெள்ளிப் பட்டைதான் இருந்தது என்று போனில் படம் பார்த்த நாளிலிருந்து லத்தீபுக்குச் சோறு இறங்கவில்லை.

மச்சினன் நியாஸுக்கு வத்தலக்குண்டில் நிக்காஹ் குறித்திருந்தார்கள். அந்தக் காரில்தான் போக வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை. எருமை உதட்டோடு போகக்கூடாது என்பது லத்தீபின் ஆசை.

"இருக்கிறதுக்கு என்னங்க கேடு?" என்றாள் மனைவி சபிஹா. "மாத்தியே ஆகணும்னா வெளிநாட்டுல இருந்து ஒரிஜினலை வரவழைங்க."

"ஒரிஜினல்னா என்ன? வளைச்ச தகரம்! நம்ம சடையாண்டி செத்த நேரத்துல வளைச்சிருவாப்ல. சல்லிசா முடிச்சிரலாம்."

சடையாண்டி மாடிப்படிகளுக்கு எவர்சில்வர் கைப்பிடி போடுகிறவர். அவர் தயங்கினாரா? அவரும் அதே இனம். "மூணு மாடிக்கு வளைக்கிறவனுக்கு இந்தக் குட்டி வண்டி ஒரு வேலையா பாய்?" என்று அன்றைக்கே ரப்பரைக் கழற்றினார். உள்ளே தண்டவாளம் மாதிரி இரும்பு. அந்தப் பாரம் போனதும் காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது. முன் இண்டிகேட்டர்கள் பம்பரிலேயே பதிந்திருந்ததால் அவையும் கூடவே போயின. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஒயரை வெட்டியதில் பின்னால் இருந்தவையும் அணைந்தன. கழற்றிய இடமெல்லாம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தது. லத்தீப் கலங்கவில்லை. பொத்தல்களுக்குத் தம் கிடங்கு ஆட்டுத்தோலில் ஒட்டுப் போட்டார். மூக்கு தூக்கியதற்குக் கம்பீரம் என்று பெயர் வைத்தார். இண்டிகேட்டருக்கு?

"கை எதுக்கு இருக்கு?"

எவர்சில்வர் குழாய்கள் ஏறின. மாடிப்படி முடிகிற இடத்தில் வைக்கும் பளபளா உருண்டைகளைச் சடையாண்டி நுனிக்கு ஒன்றாக இனாமாகவே பொருத்திவிட்டார்.

நியாஸ் காரைச் சுற்றி வந்து பார்த்தான். "மச்சான்... பால்கனி மாதிரி இருக்கே?"

"பால்கனியில நின்னாத்தானப்பு ஊரே பாக்கும்!"

நிக்காஹ் அன்று உறவெல்லாம் வேனில் முன்னால் போக, லத்தீப் ஓட்ட, பக்கத்தில் மாலையும் ஷெர்வானியுமாக நியாஸ் உட்கார்ந்து வந்தான். பெண்ணுக்குக் கட்ட வேண்டிய கருகமணியும் பட்டும் டிக்கியில் பத்திரமாக இருந்தன. வேனில் வைக்கலாம் என்று சபிஹா சொல்லியும் லத்தீப் கேட்கவில்லை.

வத்தலக்குண்டில் மஹாலுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். "மாப்ளே, கையை நீட்டு!" நியாஸ் நீட்டினான். டீக்கடையில் நின்றவர்கள், மாப்பிள்ளை தங்களுக்குத்தான் கை காட்டுகிறார் என்று சந்தோஷமாகத் திருப்பிக் காட்டினார்கள். பின்னால் வந்த பஸ் டிரைவரும் அப்படித்தான் நினைத்தார். மரியாதைக்கு ஒரு ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, கடைசி நொடியில் பிரேக் போட்டு, காரைச் சும்மா தொட்டார். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் பின்குழாய் மேலே வளைந்து, டிக்கி மூடியின் மேல் குறுக்காகப் படுத்துக்கொண்டது. அப்படியே மஹால் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், டிக்கி திறக்க மாட்டேன் என்றது.

உள்ளே நிக்காஹ் ஓதி வைக்க ஹஜ்ரத் காத்திருக்கிறார். பெண் வீட்டார் வாசலுக்கே வந்துவிட்டார்கள். "நகை எங்கே?" என்று ஒருவர் கேட்க, "கொண்டாரவே இல்லையாம்" என்று இன்னொருவர் பதில் சொல்ல, செய்தி சமையற்கட்டு வரைக்கும் போய், "மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையாம்" என்று திரும்பி வந்தது. நியாஸுக்கு முகம் வெளிறிவிட்டது.

"வெட்டி எடுங்க மச்சான்!"

"வெட்டுறதா? ஒரு ஜாக்கி கிடைச்சா சல்லிசா..."

"மச்சான், எனக்கு நிக்காஹ் நடக்கணும்!"

வேறு யாராயிருந்தாலும் திட்டியிருப்பான், அக்காள் புருஷன் என்பதால் அழுதான். லத்தீபுக்கு முதல்முறையாக நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அதற்குள் சபிஹா, பிரியாணி தேக்சா தூக்கும் இரும்புக் கம்பியோடு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குழாய்க்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பு. அங்கங்கே பொட்டு வைத்தாற்போலத்தான் சடையாண்டி பற்றவைத்திருந்தார் போலும்; பால்கனி முழுசாகக் கழன்று, தெருவில் அண்டா உருண்ட சத்தத்தோடு விழுந்தது. டிக்கி திறந்தது. கருகமணி மின்னியது.

கூட்டம் பெருமூச்சு விட்டது. லத்தீப் நெற்றியைத் துடைத்தார். அவர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"பாத்தீங்களா? இதுவே ஒரிஜினலா இருந்தா இம்புட்டு லேசா வந்திருக்குமா?"

சபிஹா கம்பியைக் கீழே வைக்காமல் அவரையே பார்த்தாள். அவர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணின் தகப்பனார் முகமது பாரூக் லத்தீபின் காதோரம் குனிந்தார். ஏதோ கண்டிக்கத்தான் போகிறார் என்று லத்தீப் ஒடுங்கினார்.

"அந்தக் குழாய் வேலை யாரு செஞ்சது பாய்? நம்ம வீட்டு மாடிக்கும் போடணும். சல்லிசா வருமா?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சடையாண்டியின் கடை எந்தத் தெருவில் என்று நான் இன்னும் சொல்லவில்லையே என ஒரு கணம், ஒரே ஒரு கணம், உங்கள் மனசு அரிக்கவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.