ஒரு வெட்டுக்குப் பத்துப் புழு

உம்மு குல்தூம் ஐந்தாவது தடவையாக மண்வெட்டியைப் போட்டாள். ஒரு புழுகூட இல்லை.

"விவசாய உத்தியோகத்தர் வெட்டிப் பாக்கக்குள்ள ஒரு வெட்டுக்குப் பத்துப் புழுவாவது இருக்கணுமாம். அப்பதான் 'மாதிரிப் பண்ணை' எண்டு பலகை நடுவாராம்," என்று புலம்பினாள்.

மண்ணில் புழு பெருகட்டும் என்று மூன்று போகமாக அவள் கச்சான் கடலைத் தோட்டத்தை உழவும் விடவில்லை, சருகை எரிக்கவும் விடவில்லை. ஏறாவூரே சிரித்தது. கணவன் உசனார் மட்டும் சிரிக்கவில்லை, பொறுமை தீர்ந்திருந்தார்.

"இண்டைக்குப் பலகை வரல்லெண்டா நாளைக்கு உழவு மெசின் வரும். சொல்லிப்போட்டன் புள்ள."

உத்தியோகத்தர் வர ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. அவள் பக்கத்துக் காணிச் சீதேவியின் வாழையடிக்கு ஓடி, ஒரு வாளி புழுவோடு வந்தாள். தன் தோட்டத்தில் கொட்டி மண்ணால் மூடினாள். வெயில் சுட்டதும் அத்தனையும் நெளிந்துகொண்டு மேலே வந்தன.

தண்ணீர் ஊற்றினாள். ஈரத்தைக் கண்டு சீதேவியின் கோழிகள் வேலி தாண்டின.

"வைக்கலப் போட்டு மூடுங்க!"

உசனார் மூடினார். வைக்கோலுக்கு மாடு வந்தது. மாட்டைத் துரத்தச் சால்வையை வீசினார். அது மிரண்டு மிளகாய்ப் பாத்திக்குள் பாய்ந்தது. கோழிகள் திரும்பி வந்தன. வாசலில் ஜீப் சத்தம்.

"இஞ்சாருங்க, புழுவுக்கு மேல படுங்க!"

உசனார் குப்புற விழுந்தார்.

"இவர் ஏன் படுத்திருக்கார்?" என்றார் உத்தியோகத்தர்.

"மண்ணுக்கு மனுசச் சூடு குடுக்கிறார் சேர். இயற்கை முறை," என்றாள் உம்மு குல்தூம், கண் இமைக்காமல்.

"அப்பிடியா? எழும்பச் சொல்லுங்க."

ஒரே வெட்டு. முப்பத்தேழு புழு! உத்தியோகத்தருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "இப்பிடி ஒரு தோட்டத்த நான் எங்கயும் காணல்ல!" அங்கேயே பலகை நட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

"உழ வேணாமெண்டு நான்தான் ஒத்தக் கால்ல நிண்டன்," என்று உசனார் சேறு வழியும் நெஞ்சைத் தட்டினார். உம்மு குல்தூமுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஜீப் சாரதி பால்மா டின்னோடு ஓடிவந்து புழுக்களை அள்ளத் தொடங்கினான்.

"ராத்தா, இன்னொரு வெட்டுப் போடுங்களன். சேர் இப்ப வாவிக்குத் தூண்டில் போடப் போறார். காலையில இருந்து ரெண்டு தோட்டத்துக்குப் பலகை நட்டும் தூண்டிலுக்குப் புழு பத்தல்ல!"