நிரந்தர விலாசத்தில் ஒரு கிணறு

படிவம் நிரப்புவதில் எனக்கு இருந்த திமிரை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்களுக்குக் கிரிக்கெட், பாட்டு, மோட்டார் சைக்கிள். எனக்குப் படிவம். கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியும் போகாது. வளைகுடாவில் களஞ்சியக் காப்பாளராக இருந்த காலத்தில், எங்கள் தங்குமிடத்துப் புத்தளம் பொடியன்கள் எல்லாம் (பொடியன்கள் என்ன, நரைத்த ஆட்களும்தான்) விண்ணப்பம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். நானும் பேனை மூடியை மெதுவாகக் கழற்றி, பெரிய டாக்டர் மாதிரி, "ம், சொல்லுங்க" என்பேன். இப்போது நினைத்தால் அந்தப் பேனையாலேயே என்னைக் குத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இலங்கையில் யுத்தம் முடிந்து மூன்று வருடம். எனக்குக் கலியாணம் முடிந்தும் ஏறத்தாழ மூன்று வருடம். அதில் நானும் என் மனைவி சிபானாவும் ஒரே கூரையின் கீழ் இருந்தது எழுபத்து நான்கு நாள். (நான் எண்ணவில்லை, அவள் எண்ணினாள்.) கெஞ்சிக் கெஞ்சிக் கடைசியில், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று கம்பனி ஒரு கடிதம் தந்தது. கடிதத்துக்கு ஆயுள் ஒரு மாதம். அதற்குள் வங்கியில் ஆறு மாதக் கணக்கு அறிக்கையை முத்திரையோடு வாங்கி விசாவுக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

சிபானா தொலைபேசியில் சத்தம் போடாமல் சொன்னாள். "மச்சான், இந்த முறையும் சரிவராட்டி நான் இனி போன்ல குடும்பம் நடத்தமாட்டன். ஒண்ணு நீங்க ஊருக்கு வாங்க, இல்லாட்டி ஆளை விடுங்க."

அவள் கத்தியிருந்தால் பயந்திருக்கமாட்டேன். அமைதியாகச் சொன்னதால்தான் பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து வங்கி, வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் தங்கள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று மூன்று பக்கப் படிவம் ஒன்றை நீட்டியது. மற்றவர்கள் முழித்தார்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு வியாதியைச் சொல்ல வேண்டும். நாங்கள் மன்னார். தொண்ணூறாம் ஆண்டில் புலிகள் இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஐந்து வயதில் வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவன் நான். பிறகு புத்தளத்தில் முகாம், பிறகு ஓலைக் குடில், பிறகு கல் வீடு. வாப்பா எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது கலிமா. அடுத்தது விலாசம்.

"நிரந்தரம் எண்டு கேட்டா மன்னார். தற்காலிகம் எண்டு கேட்டா புத்தளம். மாத்தி எழுதினா அங்க நம்மட பேர வெட்டிருவாங்க. புறகு காணியும் இல்ல, ஊரும் இல்ல."

நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வோம். ஆகவே வங்கிப் படிவத்தில் அழகான எழுத்தில் எழுதினேன். நிரந்தர விலாசம்: மன்னார். தற்காலிக விலாசம்: புத்தளத்தில் வாப்பாவின் வீடு. தற்காலிக விலாசத்தில் எவ்வளவு காலம்: இருபத்திரண்டு வருடம். வரி செலுத்தும் விடயத்தில் நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவர்: எந்த நாட்டிலும் இல்லை. கீழே பெரிய சுழியோடு ஒரு கையெழுத்து.

பத்தாம் நாள் எனது அட்டையை இயந்திரம் விழுங்கிவிட்டது. வங்கிக்கு ஓடினேன். அங்கே இருந்த அதிகாரி கேரளத்துக்காரர். தமிழ் கதைப்பார், மரியாதையான மனிதர். எனது படிவத்தை அவர் மேசையில் தனியாக எடுத்து வைத்திருந்தார். அது பாராட்டுவதற்கு என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

"உங்கள் நிரந்தர விலாசத்தைச் சரிபார்க்க ஆள் அனுப்பினோம்" என்றார். "அங்கே வீடு இல்லையாம். ஒரு கிணறு மட்டும் இருக்கிறதாம்."

"அது எங்கட கிணறுதான் சேர்" என்றேன், சாட்சி கிடைத்துவிட்ட சந்தோசத்தில்.

"அந்த விலாசத்தில் கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?"

"அஞ்சு வயசில."

"அப்படியென்றால் புத்தளத்தில்?"

"இருபத்திரண்டு வருசம் சேர். தற்காலிகமாத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நிரந்தரமாகக் கிணற்றில் வசித்து, தற்காலிகமாக இருபத்திரண்டு வருடம் வேறெங்கோ தங்கி, எந்த நாட்டிலும் வரிக்கு அகப்படாத ஒருவனை அவருடைய மேலதிகாரிகள் என்னவென்று நினைப்பார்கள் என்பதை மிகவும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். உண்மையில் எங்கே வசிக்கிறேன் என்று ஊர்க் கிராம சேவகரிடம் அத்தாட்சி கொண்டுவரும்வரை கணக்கு முடக்கம். கணக்கு இல்லாவிட்டால் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் சிபானா இல்லை. கம்பனிக் கடிதத்தில் பதினாறு நாள் மிச்சம்.

அவசர லீவு போட்டு அடுத்த விமானத்தில் ஏறினேன். புத்தளத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, வீட்டாருக்கு ஒத்திகை வைத்தது. ஜீ.எஸ். மிஸ் (கிராம சேவகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வீட்டைப் பார்க்க வருவார். வந்தால் எல்லோரும் ஒரே வார்த்தை சொல்ல வேண்டும்: நிரந்தரம்.

வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உம்மாதான், "புள்ளைட குடும்பம் பிரியப் போகுது, ஒரு நாளைக்குப் பொய் சொன்னா என்ன" என்று அவரைச் சம்மதிக்க வைத்தா.

மிஸ் வந்தார். முன்சுவரைப் பார்த்தார். அது இன்னும் பூசாத கல். மன்னாருக்குத் திரும்பிப் போகிறவன் ஏன் சுவர் பூச வேண்டும் என்று வாப்பா இத்தனை வருடமும் பூசவிடவில்லை.

"எத்தன காலமா இங்க இரிக்கிறீங்க?" என்று மிஸ் கேட்டார்.

உம்மா ஒத்திகையை மறந்து சொந்தமாகக் கதை கட்டத் தொடங்கினா. "நாங்க பரம்பரையாப் புத்தளந்தான் மிஸ். என்ட வாப்பாட வாப்பா இந்த உப்பளத்திலதான் வேல செஞ்சவரு."

வாப்பா, கசப்பு மருந்து குடித்த முகத்தோடு, "ஓம், நிரந்தரம்" என்றார். யாரும் அவரிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

மிஸ் பையிலிருந்து பழைய கோப்பொன்றை எடுத்து விரித்தார். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பதிவுப் படிவம். எங்கள் குடும்பத்தின் பெயர்கள். நிரந்தர விலாசம்: மன்னார். தங்கியிருப்பது: தற்காலிகமாக. கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியும் போகாத எழுத்து.

"இது ஆர்ட எழுத்து?"

பதினாறு வயதில் அந்தப் பகுதியில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்த மகான் நானேதான். தலையைக் குனிந்துகொண்டு, "என்ட எழுத்து" என்றேன்.

"நல்ல எழுத்து" என்றார் மிஸ். அதற்குப் பதிலாக அவர் திட்டியிருக்கலாம்.

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம், வங்கி, எழுபத்து நான்கு நாள், எல்லாம். "பொஞ்சாதியக் கூட்டிட்டுப் போகணும் மிஸ். இந்த முறை விட்டா அவ என்னை விட்டுருவா."

மிஸ் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "தம்பி கலியாணம் முடிச்ச ஆளா? எங்க?"

"ரெண்டு ரோட்டுக்கு அங்கால. சிபானா."

"அப்ப இங்க என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

இன்னொரு கோப்பு வெளியே வந்தது. வாக்காளர் இடாப்பு, அதாவது தேர்தல் பெயர்ப் பட்டியல். எங்கள் ஆட்களின் வழக்கம், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவார். சிபானாவுக்கு அவளுடைய வாப்பா எழுதிக்கொடுத்த வீட்டுக்கு நானும் பெட்டியோடு போனவன்தான். ஆனால் மனைவி வீட்டு விலாசத்தைப் படிவத்தில் எழுதினால் ஆம்பிளைக்கு என்ன மரியாதை என்று, ஒரு படிவத்திலும் அதை நான் எழுதியதில்லை. மாமிக்கு (சிபானாவின் உம்மாவுக்கு) அந்தக் கவலை இல்லை. கலியாணம் முடிந்த கையோடு போய் எனது பெயரைப் பதிந்துவிட்டு வந்திருக்கிறா. வீட்டில் முதல் பெயர் சிபானா. இரண்டாவது பெயர் நான்.

"ரெண்டு வருசத்துக்கு மேல நீங்க நிரந்தரமா அங்க இரிக்கிறீங்க தம்பி. உங்களுக்குத்தான் தெரியாது. போன்ல சொல்லியிருந்தா நானே அத்தாட்சிய அனுப்பியிருப்பன்."

எனக்குப் பறந்து வந்த விமானமெல்லாம் கண்ணுக்குள் பறந்தது.

வாப்பா மெதுவாகக் கேட்டார். "அப்ப இவன்ட பேரு மன்னாரில இல்லையா மிஸ்?"

"இங்க பதிஞ்சா அங்க இரிக்காது காக்கா" என்றார் மிஸ், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

வாப்பா என் பக்கம் திரும்பினார். "எனக்கு மனசு வலிக்கி மகன்" என்றார். "எண்டாலும் அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போ." அந்தப் பகல் முழுவதும் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

சிபானாவுக்கு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ட வீட்டில இரிந்துகொண்டு, என்னையக் கூப்பிட விசா எடுக்கிறீங்க?"

மிஸ்ஸின் அத்தாட்சியோடு வளைகுடாவுக்குத் திரும்பி நான் கொடுத்த புதிய படிவத்தை வங்கி அதிகாரி இரண்டு தரம் வாசித்தார். மனைவி இவரில் தங்கி வாழ்பவர். இவர் மனைவியின் வீட்டில் தங்கி வாழ்பவர். "யாரை யார் அழைத்து வருகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே முத்திரையை இறக்கினார். கம்பனிக் கடிதம் செத்துப்போக இரண்டு நாள் இருக்கும்போது விசாவுக்குப் பதிந்தேன். சிபானா இரண்டு பெட்டியோடும் ஒரு போத்தல் மாங்காய் அச்சாறோடும் வந்து இறங்கினாள்.

இப்போது எங்களுக்கு மூன்று பிள்ளைகள். ஊருக்கே, சிபானாவின் வீட்டுக்கே, திரும்பிவந்துவிட்டோம். வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் சிபானாதான் நிரப்புகிறாள். என் கையில் பேனையைக் கண்டால் பிள்ளைகளே பறித்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் சண்டை வந்தால் பெண்கள் கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போவார்களாம். எங்கள் வீட்டில் அவளுக்கு எங்கும் போகத் தேவையில்லை. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், படிவங்களைப் பூட்டி வைத்திருக்கும் அலுமாரியைக் காட்டி ஒரே ஒரு வசனம் சொல்வாள்.

"இன்னும் ஒரு கதை கதைச்சீங்க, நாளைக்கே ஜீ.எஸ். மிஸ்ஸிட்டப் போய் உங்கட நிரந்தர விலாசத்த வெட்டிப் போட்டிருவன்."